ரயில் வருவது விடியற்காலை... ரூம் கிடைப்பது நண்பகல்!

மலிவு விலை ஹோட்டல் சங்கிலிகளை நம்பி ரயிலேறும் பயணிகள் எங்கே பணத்தை இழக்கிறார்கள், எங்கே தவிக்கிறார்கள்? - சிறப்புக் கட்டுரை

மணி காலை ஐந்தரை. சென்னையிலிருந்து வந்த பாண்டியன் எக்ஸ்பிரஸ் காலியாகி, மதுரை ரயில் நிலையத்தின் கூட்டம் மேற்கு வெளி வீதிக்குள் இறங்குகிறது. ஆட்டோக்காரர்களைத் தாண்டி டவுன் ஹால் ரோட்டுக்குள் நுழைகிறது ஒரு குடும்பம். அப்பாவின் தோளில் தூங்கும் குழந்தை, அம்மாவின் கையில் இழுபெட்டி, பாட்டியின் கையில் கட்டைப்பை. செல்போனில் முன்பதிவு உறுதியான செய்தி இருக்கிறது. கட்டடமும் வந்துவிட்டது. பளபளப்பான புதிய பெயர்ப்பலகை. அதன் ஓரத்தில், பெயின்ட் உதிர்ந்தும் படிக்க முடிகிற பழைய லாட்ஜின் பெயர்.

பாதி இறக்கிய ஷட்டருக்குள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த இளைஞர் எழுந்து வருகிறார். போனைப் பார்க்கிறார். "புக்கிங் இருக்கு சார். ஆனா செக்-இன் பன்னெண்டு மணிக்குத்தான். இப்பவே ரூம் வேணும்னா நேத்து வாடகையும் சேர்த்துக் கட்டணும்."

"பாட்டியை மட்டுமாவது கொஞ்ச நேரம் படுக்க வைக்கலாமா தம்பி?"

"ரூம் எதுவும் காலியா இல்லைம்மா. லக்கேஜ் வேணா வெச்சுட்டுப் போங்க."

குளிக்காமல், பல் துலக்காமல், ஆறரை மணி நேரத்தை எங்கே கழிப்பது? சனிக்கிழமை விடியலில் எழும்பூரின் கென்னட் லேனிலோ, மதுரை டவுன் ஹால் ரோட்டிலோ, காட்பாடி நிலையத்தின் வாசலிலோ நின்று பார்த்தால், இந்தக் கேள்வியோடு நிற்பவர்களைப் பார்க்க முடியும். பாண்டியன், நெல்லை, மலைக்கோட்டை, சேரன், நீலகிரி என நம் மாநிலத்தின் பெயர்பெற்ற ரயில்கள் ராத்திரி கிளம்பி விடியலில் சேருபவை. வேலை நாள் வீணாகாமல், பகல் வெயில் படாமல் ஊர் போய்ச் சேரும் வசதிக்காகவே மக்கள் இவற்றை விரும்புகிறார்கள். ஆனால், நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஹோட்டலின் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

சத்திரத்திலிருந்து செயலி வரை

மதுரை ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கியது. ராமேஸ்வரம் போகும் வழியில் தஞ்சை மராட்டியர்கள் சத்திரங்களைக் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் புகழ்பெற்றது. வழிப்போக்கருக்குக் கூரையும் சோறும் தருவது அறம் என்று நம்பிய காலம் அது.

ரயில் வந்தது. சத்திரங்களுக்குப் பக்கத்தில் லாட்ஜ்கள் முளைத்தன. பெரிய வசதி எதுவும் கிடையாது. இரும்புக் கட்டில், மரப் பீரோ, நீலநிற பிளாஸ்டிக் வாளி. ஆனால், வரவேற்பறைச் சுவரில் ஒரு வரி எழுதியிருக்கும்: 'செக் அவுட் 24 மணி நேரம்.' காலை ஐந்தரைக்கு வந்தால் மறுநாள் காலை ஐந்தரை வரை ஒரு நாள் வாடகை. ராத்திரி எட்டுக்கு வந்தால் மறுநாள் ராத்திரி எட்டு. பயணி எப்போது வருகிறாரோ அப்போது நாள் தொடங்கும்.

சங்கிலி ஹோட்டல்கள் இதற்குப் பிறகு வந்தவை. குறைந்த விலையில் சுத்தமான, ஒரே தரமான அறை என்ற எண்ணத்தை டாடா குழுமம் 2004-ல் பெங்களூருவில் சோதித்துப் பார்த்தது. பிற்பாடு 'ஜிஞ்சர்' என்று பெயர் பெற்ற அந்த ஹோட்டலின் அடிப்படைக் கருத்தை உருவாக்குவதில், கோவையில் பிறந்த மேலாண்மை அறிஞர் சி.கே.பிரகலாத்துக்குப் பங்கு உண்டு. 2013-ல் ஒடிசாவைச் சேர்ந்த ரித்தேஷ் அகர்வால், இருபது வயதுகூட நிறையாத நிலையில் 'ஓயோ'வைத் தொடங்கினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 'ஃபேப் ஹோட்டல்ஸ்', 'ட்ரீபோ' வந்தன.

இந்தப் புதிய நிறுவனங்கள் பெரும்பாலும் கட்டடம் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த லாட்ஜ்களுக்குப் புதிய பெயர்ப்பலகை, வெள்ளை விரிப்பு, வைஃபை, ஒரு செயலி ஆகியவற்றைக் கொடுத்தன. பயணிக்கு இதில் உண்மையான லாபம் இருந்தது. தெரியாத ஊரில் நள்ளிரவில் அறை அறையாக ஏறி இறங்கி பேரம் பேச வேண்டியதில்லை. வாடகை முன்கூட்டியே தெரியும். புகைப்படம் தெரியும். முன்பு தங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது தெரியும். இந்த நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஆனால், புதிய பெயர்ப்பலகை மாட்டப்பட்ட அன்றே சுவரில் இருந்த '24 மணி நேரம்' என்ற வரியும் மறைந்துபோனது. பகல் பன்னிரண்டுக்கு உள்ளே, மறுநாள் பதினொன்றுக்கு வெளியே என்பது சங்கிலிகளின் பொதுவான நடைமுறை ஆகிவிட்டது.

இரண்டு கடிகாரங்கள், ஒரே பை

விமானத்தில் வருபவருக்கும் காரில் வருபவருக்கும் இந்த நேரக்கணக்கு பெரிதாக உறுத்தாது. தாங்கள் கிளம்பும் நேரத்தை ஓரளவு மாற்றிக்கொள்ள முடியும். இரவு ரயில் பயணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் இறங்கும் நேரத்தை ரயில்வே தீர்மானிக்கிறது. திரும்பும் ரயிலும் இரவில்தான். ஆக, அவருக்கு அறை தேவைப்படுவது காலை ஐந்தரை முதல் இரவு ஒன்பது வரை. ஹோட்டல் விற்பதோ நண்பகல் முதல் மறுநாள் முற்பகல் வரை. அவர் காசு கொடுத்து வாங்கும் இரவில் அவர் ரயிலில் உட்கார்ந்திருக்கிறார்.

[பெட்டி] ஒரு பகல், இரண்டு வாடகை

ஓர் உதாரணத்துக்கு அறை வாடகை ரூ.1,200 என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை 5.30-க்கு இறங்கி, அன்றே இரவு 9 மணி ரயிலில் திரும்பும் பயணியின் கணக்கு இது.

● 24 மணி நேர லாட்ஜ்: ஒரு நாள் வாடகை. ரூ.1,200.

● 12 மணி செக்-இன் ஹோட்டல், வந்தவுடன் அறை வேண்டுமென்றால்: வெள்ளி இரவுக்கும் சனி இரவுக்கும் சேர்த்து இரண்டு நாள் வாடகை. ரூ.2,400.

● 12 மணி செக்-இன் ஹோட்டல், காத்திருக்கச் சம்மதம் என்றால்: ரூ.1,200. ஆறரை மணி நேரம் தெருவில்.

● ஞாயிறு இரவுதான் திரும்புகிறார் என்றால்: லாட்ஜில் இரண்டு நாள் வாடகை ரூ.2,400, வந்தவுடன் அறை வேண்டுமென்றால் ஹோட்டலில் மூன்று நாள் வாடகை ரூ.3,600.

சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு முன்கூட்டியே அறை தருகின்றன. காலி அறை இருந்தால் இலவசமாகவே திறந்துவிடும் மேலாளர்களும் உண்டு. இரண்டுமே அந்தந்த நேரத்துச் சூழலைப் பொறுத்தவை. ரயில் ஏறும்போது பயணிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நோயாளிக்கு நண்பகல் வரை எங்கே நிழல்?

கோயிலுக்கு வந்த குடும்பம் பொறுத்துக்கொள்ளும். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து நேரத்தைக் கழித்துவிடும். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

காட்பாடி சந்திப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருபவர்கள் இறங்கும் நிலையம் இது. சிலர் இரண்டு இரவுகளை ரயிலில் கழித்துவிட்டு இறங்குகிறார்கள். கையில் ஸ்கேன் உறை, தோளில் சாய்ந்தபடி நோயாளி. அவர்களுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை, குளியல், கட்டில். மொழி தெரியாத ஊரில் வரவேற்பறையில் நின்று பேரம் பேசும் நிலையில் அவர்கள் இல்லை. 'இரண்டு நாள் வாடகை' என்றால் கொடுத்துவிடுகிறார்கள். மருந்துக்கு வைத்திருந்த பணம் அது.

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் காலை புறநோயாளிப் பிரிவுக்கு வருபவர்கள், நிலையத்தின் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, அங்கேயே முகம் கழுவிக்கொண்டு வரிசைக்குப் போகிறார்கள். இவர்களில் பலருக்கு ஒரு நாள் வாடகையே பாரம். ஐந்நூறு ரூபாய்க்குள் நாலு மணி நேரம் கிடைக்கும் என்றால் யோசிப்பார்கள். ஆனால், அந்த வடிவத்தில் அறை விற்பவர்கள் குறைவு.

அடுத்து, தேர்வு எழுத வருபவர்கள். காலை ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தில் இருக்க வேண்டிய பெண், ஐந்து மணிக்கு எழும்பூரில் இறங்குகிறார். துணைக்கு அப்பா. அவர்களுக்குத் தேவைப்படுவது மூன்று மணி நேரம், ஒரு குளியல், ஒரு மேஜை. நண்பகலுக்குக் கிடைக்கும் அறையால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. நேர்முகத் தேர்வுக்கும் விசா நேர்காணலுக்கும் வருபவர்களின் நிலைமையும் இதேதான். கசங்கிய சட்டையோடு போய் நிற்கிறார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய வறுமை மட்டும் அல்ல. அவர்களின் தேவைக்கு ஏற்ற நேரத்தில் அறை விற்கப்படாததும்தான்.

'அந்த புக்கிங் எங்களுக்கு வரலையே சார்'

நேரத்துக்கு அடுத்தபடியாகப் பயணிகள் சந்திக்கும் பெரிய தொல்லை, உறுதியான முன்பதிவோடு போயும் அறை இல்லை என்று திருப்பி அனுப்பப்படுவது. ஒரே அறை செயலியிலும், இன்னும் சில முன்பதிவுத் தளங்களிலும், நேரில் வருபவருக்கும் விற்கப்படுகிறது. முகூர்த்த நாள், பௌர்ணமி, தொடர் விடுமுறை என்று கூட்டம் கூடினால், பத்து நாளைக்கு முன்பு குறைந்த விலையில் பதிவு செய்தவரைவிட, வாசலில் நின்று கூடுதல் பணம் தருபவர் லாபகரமானவர் ஆகிவிடுகிறார். 'மெயின்டனன்ஸ் வேலை நடக்குது', 'அந்த கம்பெனியோட காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு' என்று ஏதேனும் ஒரு காரணம் வரும். நிறுவனத்தின் உதவி எண், ஐந்து கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஹோட்டலை ஒதுக்கும். நிலையத்துக்குப் பக்கம் என்பதற்காகவே தேடிப் பிடித்த அறை. இப்போது ஆட்டோவுக்குத் தனிச் செலவு.

ரயில் பக்கத்திலிருந்தும் சிக்கல் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் டிக்கெட் கடைசி நேரம் வரை உறுதியாகாது. முன்பு ரயில் கிளம்ப நாலு மணி நேரம் இருக்கும்போதுதான் முதல் பட்டியல் தயாராகும். 2025 ஜூலையில் அதை எட்டு மணி நேரத்துக்கு முன்பே தயாரிக்கும் முறை வந்தது. நல்ல மாற்றம்தான். ஆனாலும், பல ஹோட்டல்களில் கட்டணமின்றி ரத்து செய்யும் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டிக்கெட் உறுதியாகாவிட்டால் பிடித்தம் போக மிச்சத்தை ரயில்வே தருகிறது. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தைக் கைவிட்டால் முழுத் தொகையையும் கேட்டுப் பெறலாம். அறைக்குக் கட்டிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ரயில் தாமதம் என்பது ஹோட்டலின் விதிகளில் இடம்பெறாத ஒரு காரணம்.

[பெட்டி] நிலையத்துக்குள்ளேயே ஓர் அறை

● ரயில்வேயின் ஓய்வறைகளை (ரிட்டையரிங் ரூம்) ஐ.ஆர்.சி.டி.சி தளத்தில் பி.என்.ஆர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். ஏறும் நிலையத்திலோ இறங்கும் நிலையத்திலோ கிடைக்கும்.

● உறுதியான டிக்கெட் அல்லது ஆர்.ஏ.சி டிக்கெட் இருக்க வேண்டும்.

● 12 மணி நேரம், 24 மணி நேரம் எனப் பதிவு செய்யலாம். அதிகபட்சம் 48 மணி நேரம். சில நிலையங்களில் மணிக்கணக்கிலும் தருகிறார்கள். தனி அறை கட்டுப்படியாகாதவர்களுக்குப் பொதுப் படுக்கைக் கூடம் (டார்மிட்டரி) உண்டு.

● 2024 ஜூலை 15 முதல் ஓய்வறை, காத்திருப்பறை, பொருள் பாதுகாப்பறை ஆகிய ரயில்வே சேவைகளுக்கு ஜி.எஸ்.டி கிடையாது.

● பொருள் பாதுகாப்பறையில் (கிளாக் ரூம்) பையை வைக்க வேண்டுமானால் அது பூட்டியிருக்க வேண்டும். சின்னப் பூட்டு ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

● இந்திய ரயில்வேயின் முதல் 'பாட்' ஹோட்டல் 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் திறக்கப்பட்டது. படுக்கை அளவுக்கே உள்ள சிற்றறைகள். 12 மணி நேரத்துக்கும் எடுக்கலாம்.

ஓய்வறையின் குறை ஒன்றே ஒன்று. கிடைப்பது அரிது. இருக்கும் அறைகள் சில. கேட்பவர்கள் பல்லாயிரம் பேர். டிக்கெட் உறுதியான உடனே பதிவு செய்கிறவர்களுக்குத்தான் வாய்ப்பு.

லாட்ஜ் உரிமையாளர் என்ன செய்வார்?

எல்லாப் பழியையும் வரவேற்பறையில் நிற்பவர்மீது போட்டுவிடுவது நியாயம் ஆகாது. சங்கிலியில் சேர்ந்த சிறிய லாட்ஜின் வரவு செலவைப் பார்க்க வேண்டும். வாடகையை எவ்வளவு குறைப்பது என்பதைப் பெரும்பாலும் நிறுவனத்தின் கணினி தீர்மானிக்கிறது. கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் விலை பாதாளத்துக்குப் போகும். அதிலிருந்து கமிஷன் போகும். மின்கட்டணம், சலவை, ஏ.சி பழுது எல்லாம் உரிமையாளர் தலையில். தொடக்கத்தில் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று உறுதியளித்து லாட்ஜ்களைச் சேர்த்த ஓயோ, பின்பு வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. 2018, 2019-ல் நாட்டின் பல நகரங்களில் சிறு ஹோட்டல் உரிமையாளர்கள் கமிஷனையும் விலைக்குறைப்பையும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள்.

சந்தையே சமநிலையில் இல்லை என்பதற்கு ஆவணச் சான்று உண்டு. ஹோட்டல், உணவக உரிமையாளர்களின் கூட்டமைப்பு கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2022 அக்டோபரில் மேக் மை ட்ரிப் - கோஐபிபோ நிறுவனத்துக்கு ரூ.223.48 கோடியும், ஓயோவுக்கு ரூ.168.88 கோடியும் அபராதம் விதித்தது. முன்பதிவுத் தளத்தில் ஓயோவுக்கு முன்னுரிமை தரப்பட்டது, ஃபேப் ஹோட்டல்ஸும் ட்ரீபோவும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன என்பது குற்றச்சாட்டின் மையம். பயணியின் செல்போன் திரையில் எந்த அறை முதலில் தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இந்தப் போட்டியில், பயணி எத்தனை மணிக்கு வந்து இறங்குவார் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

வேலை செய்பவர்களையும் பார்ப்போம். முப்பது அறை கொண்ட லாட்ஜில் இரவு நேரத்துக்கு ஒருவர், இருவர்தான் இருப்பார்கள். பலர் ஒடிசா, பீகார், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். விடியலில் ஓர் அறையைத் தயார் செய்ய வேண்டுமானால், தூக்கத்திலிருந்து எழுந்து விரிப்பு மாற்றுபவரும் அவரே, பெட்டியைத் தூக்குபவரும் அவரே. 24 மணி நேரமும் பயணியை வரவேற்க வேண்டும் என்று கேட்பவர்கள், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இரண்டு நாள் வாடகை வாங்குவதற்குப் பதிலாக நியாயமான ஒரு விடியல் கட்டணத்தை நிர்ணயித்தால், அந்தச் சம்பளத்தை அதிலிருந்தே கொடுக்கலாம்.

முகவரி கேட்கும் வரவேற்பறை

அறை இருந்தும் சிலருக்குக் கிடைப்பதில்லை. தனியாக வரும் பெண்ணிடம் 'துணைக்கு யாரும் வரலையாம்மா?' என்று கேட்கும் லாட்ஜ்கள் இன்னும் இருக்கின்றன. 'உள்ளூர் அடையாள அட்டைக்கு ரூம் இல்லை' என்ற விதி இன்னும் பரவலானது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு வந்து கடைசி மின்சார ரயிலைத் தவறவிட்ட பெண்ணுக்கு, அவருடைய முகவரியே தடையாகிவிடுகிறது. உள்ளூர்வாசிக்கு அறை தரக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொல்லை வேண்டாம் என்று ஹோட்டல்கள் தாமாக வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது.

திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதும் குற்றமல்ல. கோவையில் ஒரு விடுதிக்கு வைக்கப்பட்ட சீலை அகற்ற உத்தரவிட்ட வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஆனாலும், 2025 ஜனவரியில் ஓயோ மீரட் நகரில் உறவுச் சான்று கேட்கும் புதிய விதியைக் கொண்டுவந்தது. தேர்வு எழுத ஒன்றாக வந்த சகோதர சகோதரி, சிகிச்சைக்கு வந்த அத்தையும் மருமகனும் வரவேற்பறையில் தங்கள் உறவை நிரூபிக்க வேண்டியிருப்பது இந்த மனப்போக்கின் விளைவு.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர்களுக்கு இன்னொரு தடை. வெளிநாட்டவர் தங்கினால் அவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு இணையவழியில் அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து சிறிய லாட்ஜ்கள் அறையே தருவதில்லை. இலங்கையிலிருந்து திருத்தலப் பயணமாகவும் சிகிச்சைக்காகவும் வந்து, ரயிலில் ஊர் ஊராகப் போகும் நம் உறவுகள் இந்தக் கதவடைப்பை அனுபவிக்கிறார்கள். செயலியில் பணம் கட்டும்போது இதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் கண்ணில் படுவதில்லை.

அறைக்குள் நுழைந்தால்...

ஒருவழியாகச் சாவி கையில் வருகிறது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு ரூபாய் அறை எப்படி இருக்கும்? கட்டில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வெள்ளை விரிப்பு, இரண்டு தலையணை, காலடியில் நிறுவனத்தின் நிறத்தில் ஒரு துணிப்பட்டை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ஓரடி தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர், நடுவே கழிவுநீர்க் குழாய்கள். கீசரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சங்கிலியின் பெயர் அச்சிட்ட குட்டி சோப்பு. பக்கத்திலேயே பழைய லாட்ஜின் பெயர் பெயின்டில் எழுதிய வாளி. புகைப்படத்தில் தெரிந்த அறையும் இதுவும் ஒன்றா என்ற சந்தேகம் வந்தால், உடனே போனில் படம் எடுத்து நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அனுப்புவது நல்லது. பையைப் பிரித்து, குளித்து முடித்த பிறகு சொல்லும் புகாருக்கு வலு குறைவு.

தாழ்ப்பாளைப் பாருங்கள். உள்பக்கத்தில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்றால், வேறு எந்த வசதி இருந்தாலும் அறையை மாற்றச் சொல்லுங்கள். குளியலறையின் வென்டிலேட்டர் பொதுவழியைப் பார்த்திருந்தால் கண்ணாடி சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். பெண்களை ஒளிந்திருந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம். சந்தேகம் வந்தால் அறையை ஆராய்வதிலோ காவல்துறையை அழைப்பதிலோ தயக்கமே வேண்டாம்.

[பெட்டி] பணம் கட்டும் முன்...

● ஹோட்டலின் நேரடி எண்ணைத் தேடி எடுத்து அழையுங்கள். ரயில் வரும் நேரத்தைச் சொல்லி, 'அப்போது அறை கிடைக்குமா, கூடுதலாக எவ்வளவு?' என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

● நிலையத்தின் எந்த வாசலுக்குப் பக்கம் என்று கேளுங்கள். பின்வாசலுக்கும் முன்வாசலுக்கும் சுற்றிப் போக வேண்டியிருக்கலாம்.

● 'ஹோட்டலில் பணம் செலுத்தலாம்' என்ற வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

● ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். அதற்கு முன்பு 12 சதவிகிதம். பில்லில் சரிபாருங்கள்.

● ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதாரை'க் கொடுங்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டையும் கொடுக்கலாம்.

● முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைக் கூட்டுவது 2023 நவம்பரில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி தடை செய்யப்பட்ட உத்தி. திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

● தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915. ரயில்வே: 139. பெண்கள் உதவி எண்: 181.

மாற்ற முடியுமா? முடியும்!

பயணிக்குச் சொல்லும் ஆலோசனைகளால் மட்டும் இது தீராது. மாற வேண்டியவர்கள் மூன்று பேர்.

முதலாவது, ரயில்வே. எழும்பூர், மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களை ரூ.1,800 கோடிக்கும் மேற்பட்ட செலவில் மறுசீரமைக்க 2022 மே மாதம் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ஐந்தும் பக்தர்களும் நோயாளிகளும் தேர்வர்களும் விடியலில் வந்து குவியும் நிலையங்கள். அங்கே எழும் புதிய கட்டடங்களில் கடைகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தரும் முக்கியத்துவத்தைப் படுக்கைக்கும் குளியலறைக்கும் தர வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்குவிடும் சிற்றறைகள், பெண்களுக்குத் தனிக் கூடம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, கட்டணக் குளியலறை ஆகியவை ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். மும்பையில் ஒரு 'பாட்' ஹோட்டல் திறந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் காட்பாடியில் இறங்கும் நோயாளிக்குக் கட்டில் கிடைத்துவிடாது.

இரண்டாவது, தமிழக அரசு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குப் பல ஊர்களில் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதிகள் இருக்கின்றன. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்ற முறையை அவை அனைத்திலும் நடைமுறைப்படுத்தி, அதை வெளிப்படையாக விளம்பரம் செய்யலாம். அரசு விடுதி செய்து காட்டினால் பக்கத்துத் தனியார் விடுதி பின்தொடர்ந்தே ஆக வேண்டும். உள்ளூர் முகவரி, தனியாக வரும் பெண் என்ற காரணங்களுக்காக அறை மறுக்கக் கூடாது என்று விடுதிகளுக்கு ஒரு தெளிவான சுற்றறிக்கை அனுப்புவதும் அரசின் கையில் இருக்கிறது.

மூன்றாவதும் முக்கியமானதும், சங்கிலி நிறுவனங்கள். விலையை நாளுக்குப் பத்து முறை மாற்றத் தெரிந்த கணினிக்கு, நேரத்தை மாற்றத் தெரியாதா? நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களில் முன்பதிவு செய்யும்போதே 'எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?' என்று கேட்கட்டும். காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை ஒரு பகல் வாடகை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு குறுகிய வாடகை, விடியல் வருகைக்கு ஒரு நியாயமான கூடுதல் தொகை என்று மூன்று விலைகளையும் முதல் திரையிலேயே காட்டட்டும். ரயில் தாமதமானால் பி.என்.ஆரைப் பார்த்து அறையைத் தக்கவைக்கட்டும். ரயிலே ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரட்டும். இதைச் செய்யும் முதல் நிறுவனத்துக்கு ரயில் பயணிகளின் விசுவாசம் முழுவதும் கிடைக்கும்.

ரயில் டிக்கெட்டை இப்போது 60 நாள்களுக்கு முன்பே எடுக்கலாம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரையில் எத்தனை பேர் இறங்குவார்கள் என்பது அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். டவுன் ஹால் ரோட்டின் பழைய லாட்ஜ் முதலாளிகள் கணினி இல்லாமலேயே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தங்கள் வியாபாரத்தை அதன்படி நடத்தினார்கள், லாபமும் பார்த்தார்கள். ரயில் பயணிகளால் வாழும் ஹோட்டல்கள் ரயில் நேரத்துக்குத் திறக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கொடுத்த காசுக்கு உரிய பொருளைக் கேட்பது அது. அடுத்த முறை முன்பதிவு செய்யும் ஒவ்வொருவரும் அதை உரக்கக் கேட்க வேண்டும்.